கன்று மரத்தில் உளி வைக்கலாமா?

(பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்ட, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள், "நன்றாகப் படியுங்கள், பெற்றோர் சொல் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே சொன்னவன்தான். இன்று வேறொன்றைப் பேச எனக்கு அனுமதி தாருங்கள். நம் வீடுகளில் ஒன்பது, பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளின் கையில் இருக்கிறதே கைப்பேசி, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம். கைப்பேசியைக் கிணற்றில் போடுங்கள் என்று முழங்க நான் வரவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நம் பிள்ளை தன்னை யாராகப் பார்க்கிறது? இந்த ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன்.

என் அக்காவுக்கு ஒரு பேத்தி. ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். என்னைச் சின்னத் தாத்தா என்று கூப்பிடுவாள். என் அக்கா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இந்தப் பிள்ளை ஒரு நாள், பாட்டியின் பழைய தலைவிளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போன கதையை, பாட்டி சொல்வது போலவே சொல்லி, காணொளி எடுத்து டிக்டாக்கில் போட்டுவிட்டாள். என் மருமகன் எனக்கு அனுப்பி வைத்தார். பார்த்து நான் அசந்து போனேன். முப்பது ஆண்டு பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருந்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு தமிழ், அப்படி ஓர் இயல்பு.

மறுநாள் தேடினேன், காணோம். "என்னம்மா, நேத்து நல்ல கதை ஒண்ணு போட்டிருந்தியே, எங்கே?" என்று கேட்டேன்.

"அழிச்சிட்டேன் சின்னத் தாத்தா. பதினாலு லைக்குதான் வந்துச்சு."

அதற்குப் பதிலாக வேறொன்று போட்டிருந்தாள். சினிமாப் பாட்டுக்கு வாயசைத்து ஓர் ஆட்டம். முகம் வேறு மாதிரி இருந்தது. நிறம் வெளுத்து, கன்னம் ஒடுங்கி, கண் பெரிசாகி, யாரோ ஒரு பெண் போல. அதெல்லாம் அந்தச் செயலியே செய்து கொடுக்குமாம். அதற்கு அறுநூறுக்கு மேல் லைக்கு.

"முதல்ல போட்டதுதானேம்மா நல்லா இருந்துச்சு?" என்றேன்.

அவள் சொன்ன பதில்தான் என்னை இந்த மேடைக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. "இல்லே தாத்தா. அதுல நான் நல்லா இல்லே."

கவனித்தீர்களா? 'அது நல்லா இல்லே' என்று அவள் சொல்லவில்லை. 'நான் நல்லா இல்லே' என்றாள். காணொளிக்கு வந்த மார்க்கை அந்தக் குழந்தை தனக்கு வந்த மார்க்காக எடுத்துக்கொண்டது. பதினாலு பேர் கை தட்டிய தன் சொந்த முகத்தை அழித்துவிட்டு, அறுநூறு பேர் கை தட்டிய இரவல் முகத்தை வைத்துக்கொண்டது.

பெற்றோர்களே! இதற்காக அந்தப் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை. அவள் அப்பா அம்மாவைத் திட்டுவதிலும் நியாயமில்லை. கைப்பேசி நம் பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. பாடம் கைப்பேசிக்குள் வந்தது. மூன்று பிள்ளைக்கு ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு, வேலையும் இல்லாமல், டேட்டா போடக் காசும் இல்லாமல் நம் மக்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்துக் கைப்பேசி வாங்கிக் கொடுத்த தாய்மாரும் உண்டு. படிப்புக்காக வந்த சாமான் அது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதோடு ஜொகூரில் நம் நிலைமை ஒன்று இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அப்பா, இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட்டு. பிள்ளைக்கு அப்பாவிடம் பேசக் கைப்பேசி வேண்டும்தானே? வேண்டும். ஆனால் அப்பாவிடம் பேச வாங்கிக் கொடுத்த கைப்பேசியில், அப்பாவைத் தவிர மற்ற எல்லாரிடமும் பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறது. அதுதான் சங்கடம்.

பிள்ளை தன்னை நாலு பேருக்குக் காட்டிக்கொள்ள ஆசைப்படுவது தப்பா? இல்லவே இல்லை. ஒன்பது பத்து வயதில் ஒவ்வொரு குழந்தைக்கும், 'நான் இங்கே இருக்கேன், என்னைப் பாருங்க' என்று ஒரு தவிப்பு வரும். அந்த வயதில்தான் குழந்தை மற்றவர் கண்ணால் தன்னைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. சார்ல்ஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1902-ஆம் ஆண்டிலேயே இதை எழுதினார். பிறர் முகம்தான் நமக்குக் கண்ணாடி, அதில் பார்த்துத்தான் 'நான்' என்பதை நாம் கட்டிக்கொள்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். கண்ணாடி வேண்டும். எந்தக் கண்ணாடி என்பதுதான் கேள்வி.

நம் முன்னோர்க்கும் ஒரு கண்ணாடி இருந்தது. 1950-களில், கோ. சாரங்கபாணி அவர்கள் நடத்திய தமிழ் முரசு நாளிதழில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்காக ஒரு பகுதி வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த பத்திரிகைதான், ஆனால் மலாயாத் தோட்டங்களில் இருந்த பிள்ளைகளெல்லாம் அதில் சேர்ந்தார்கள், எழுதினார்கள். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிய பையனின் பெயர் பத்திரிகையில் வந்தது. அந்த மாணவர் மன்றத்தின் வழியில்தான் பின்னாளில் நாட்டில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் வளர்ந்தன. எத்தனையோ எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் சமூக ஊடகம் என்றே அதைச் சொல்லலாம்.

நான் அதற்கு அடுத்த தலைமுறை. 1970-களில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மாணவர் பகுதிக்கு எங்கள் தோட்டத்து ஆற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் காத்திருந்தேன். வந்தது. நான் எழுதியதில் பாதி இல்லை! நான் பெருமையாகப் போட்டிருந்த உவமை எல்லாவற்றையும் ஆசிரியர் வெட்டியிருந்தார். நான்கு சந்திப் பிழையைத் திருத்தியிருந்தார். எனக்கு ஆத்திரம். ஆனால் அப்பா அந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாராம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்கு எண்ணிக்கை வரவில்லை. யாரோ ஒரு பெரியவர் என் எழுத்தை உட்கார்ந்து திருத்தினார், என் அப்பா கேட்டார், அவ்வளவுதான். அடுத்த கட்டுரை முன்னதைவிட நன்றாக வந்தது.

அந்தக் கண்ணாடிக்கும் இந்தக் கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம்? பத்திரிகையில் பிழை திருத்தப்பட்டது, இங்கே எண்ணிக்கை மட்டும் காட்டப்படுகிறது. பேஸ்புக் 2009-ஆம் ஆண்டில் லைக்குப் பொத்தானைக் கொண்டு வந்தது. அன்று தொடங்கி, மனிதர் பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் ஓர் எண் நிற்கிறது. 'உன் கதையில் இந்த இடம் புரியலே' என்று எண் சொல்லாது. 'பதினாலு' என்று மட்டும் சொல்லும். ஏன் பதினாலு என்று குழந்தைக்குத் தெரியாது. தெரியாததால், தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறது.

உண்மையில் அந்த எண் எப்படி வருகிறது? எந்தக் காணொளியை மக்கள் கண் எடுக்காமல் பார்க்கிறார்கள் என்று கணினி கவனிக்கிறது. அதையே இன்னும் பலருக்குக் காட்டுகிறது. மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்களோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு பணம். நல்ல தமிழா, உண்மைக் கதையா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே எது ஓடுகிறதோ அது போலத் தன்னை மாற்றிக்கொள்ளப் பிள்ளை பழகுகிறது. முகத்தை மாற்றுகிறது, குரலை மாற்றுகிறது, பேச்சை மாற்றுகிறது. பாட்டியின் கதையை அழிக்கிறது. யாரும் அதட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. எண் ஒன்றே போதும்.

இதை நிறுவனங்களும் அறியாமல் இல்லை. 2021-இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டார். பருவப் பெண்களில் ஒரு பகுதியினர் இன்ஸ்டாகிராமைப் பார்த்துத் தங்கள் உடலைப் பற்றி மேலும் தாழ்வாக நினைக்கிறார்கள் என்று அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வே கண்டிருந்தது. கறுப்பாய்ப் பிறந்த நம் வீட்டுப் பிள்ளைக்கு, வெளுப்புக் காட்டும் கண்ணாடி என்ன சொல்லும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்திலும் போட்டோ ஸ்டூடியோவில் பவுடர் அப்பித்தான் படம் எடுத்தோம். ஆனால் வீட்டுக்கு வந்து முகம் கழுவினோம். இந்தப் பவுடரைப் பிள்ளை கழுவுவதே இல்லையே!

தோட்டத்துப் பெரியவர்களே! உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர்க் கன்றை நட்ட மறு வருடமே யாராவது உளி வைப்பார்களா? ஐந்தாறு வருடம் பொறுப்போம். மரத்தின் சுற்றளவு ஐம்பது செண்டிமீட்டர் அளவுக்கு வந்த பிறகே வெட்டுக்கு விடுவோம். அப்போதும் கை பதமாக இருக்க வேண்டும். ஆழமாய்ப் போனால் மரம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்தப் பக்கம் சரியாக வெட்ட முடியாது. கன்று மரத்திலும் பால் இருக்கிறது. இருக்கிறது என்பதற்காக வெட்டிவிடுவோமா?

பிள்ளையின் கவனமும் ஒரு பால்தான். அதை வெட்டி எடுக்க வருகிறவர்களுக்கு மரத்தின் வயதைப் பற்றிக் கவலையில்லை. காவல் நிற்க வேண்டியவர்கள் நாம். டிக்டாக், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் ஆகிய நிறுவனங்களே வைத்த வயது வரம்பு 13. என் பேத்திக்கு வயது 11. எப்படிக் கணக்குத் திறந்தாள்? பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத்தான். கூட உட்கார்ந்து போட்டுக் கொடுத்தவர் யார்? என் மருமகன்! உலகத்துக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போன குழந்தை, முதல் வரியிலேயே தன்னைப் பற்றிப் பொய் சொல்ல நாம் கற்றுக் கொடுத்துவிட்டோம்.

இப்போது அரசாங்கங்களும் விழித்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. நம் அரசாங்கமும் 16 வயதையே வரம்பாக்கப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நல்லது, வரவேற்போம். ஆனால் சட்டம் ராத்திரி பதினோரு மணிக்கு நம் வீட்டுப் படுக்கையறைக்கு வந்து, போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, இப்போது உங்களோடு கொஞ்சம் பேசுகிறேன். 2024 ஜூலையில் நம் நாட்டில் ஒரு துயரம் நடந்தது. ஏஷா என்ற பெயரில் டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு என்ற பெண், இணையத்தில் தமக்கு வந்த மிரட்டலையும் வசையையும் பற்றிப் போலீசில் புகார் செய்த பின் உயிரிழந்தார். நம் இனத்துப் பெண். அவரை ஏசியவர்களும் தமிழிலேதான் ஏசினார்கள் என்பது நமக்கு எவ்வளவு வெட்கம்! அந்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. நாடே கொதித்தது. அதன் பிறகு, 2025-இல் பகடிவதைக்கென்றே குற்றவியல் சட்டத்தில் புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்தன. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழனின் படத்தைப் போட்டு, 'இதோ பாரு குரங்கு' என்று எழுதுகிறவன் விளையாட்டாகத்தான் எழுதுகிறான். படிக்கிறவனுக்கு அது விளையாட்டாக இருக்காது. எதிரில் நின்று சொல்ல மாட்டாத ஒன்றை விரலால் சொல்லாதீர்கள். உங்களை யாராவது அப்படிச் சொன்னால் மறைக்காதீர்கள். அன்றைக்கே அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சொல்கிறவன் கோழை இல்லை.

அப்படியானால் கைப்பேசியில் நம் பிள்ளைகள் பேசவே கூடாதா? அதுவும் இல்லை. இன்று கைப்பேசியில் தமிழில் எழுத முடிகிறதே, அதற்கு வழி செய்தவர்களில் முன் நிற்கும் முத்து நெடுமாறன் நம் மலேசியத் தமிழர். முரசு அஞ்சலும் செல்லினமும் அவர் ஆக்கியவை. உலகத் தமிழர் கைக்குத் தமிழ் எழுத்தைக் கொண்டு போன நாட்டில் பிறந்த பிள்ளைகள் நீங்கள். கருவி நமக்கு அந்நியம் இல்லை. கருவி நம்மை ஆளக்கூடாது, அதுதான் வேண்டுவது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் நான்கே நான்கு. பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

முதலாவது, பிள்ளையின் வயதை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்காதீர்கள். திறந்து கொடுத்திருந்தால், அடித்துப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, காரணம் சொல்லி மூடுங்கள்.

இரண்டாவது, இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசியும் சாமி படத்துக்குப் பக்கத்திலோ, அலமாரி மேலேயோ ஓரிடத்தில் இருக்கட்டும். எல்லாக் கைப்பேசியும் என்றேன். அப்பாவின் கைப்பேசியும் அதில் சேர்த்தி.

மூன்றாவது, இன்று மேடையில் உங்கள் பிள்ளை பரிசு வாங்கும். நீங்கள் படம் எடுப்பீர்கள். வீட்டுக்குப் போவதற்கு முன்பே அது பேஸ்புக்கில் ஏறிவிடும். ஏற்றுவதற்கு முன், 'உன் படத்தைப் போடட்டுமா?' என்று பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த முகம் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். ராத்திரி பத்து தடவை எடுத்துப் பார்த்து, 'நூறு லைக்கு வந்துருச்சு' என்று நீங்களே சொன்னால், பிள்ளை வேறெங்கே போய் அந்தக் கணக்கைக் கற்க வேண்டும்? இன்றைக்குப் பரிசு வாங்காத பிள்ளையும் அந்தப் படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நான்காவதுதான் முக்கியம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். புத்தி சொல்லாமல், திருத்தாமல், கைப்பேசியைப் பார்க்காமல் கேளுங்கள். களைப்பாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். பாலம் கடந்து வருகிறவருக்கு இடுப்பு ஒடியும். இருந்தாலும் கேளுங்கள். வீட்டில் கேட்க ஒரு காது இருக்கிற பிள்ளை, ஊர்க் கைத்தட்டலுக்காகத் தன் முகத்தை மாற்றிக்கொள்ள அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்காது.

என் பேத்தி கதையை முடித்துவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்தப் பிரட்டுக் கதையை எனக்கு மட்டும் ஒரு தடவை சொல்லும்மா" என்று கேட்டேன். கூச்சப்பட்டாள். அப்புறம் விளக்கை எடுத்துக் கட்டிக்கொண்டு சொன்னாள். பாதியில், அடுப்படியிலிருந்து என் அக்கா வெளியே வந்தார். "அடியே, உளியை அப்படியா புடிப்பாங்க? இங்கே கொண்டா கையை" என்று, பேத்தி கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அங்கே இருந்தது மூன்றே பேர். யாரும் படம் எடுக்கவில்லை.

மறுபடியும் அதை டிக்டாக்கில் போட்டாளா என்று கேட்காதீர்கள். போடவில்லை. அந்த ஆட்டக் காணொளியையும் இன்னும் எடுக்கவில்லை. ஒரே நாளில் எதுவும் மாறிவிடாது. ஆனால் மறுநாள் காலையில், "பாட்டி, மழை பேஞ்சா பிரட்டு உண்டா?" என்று கேட்டாளாம். அந்த ஒரு கேள்வி எனக்குப் போதும்.

மாணவக் கண்மணிகளே! இன்று பரிசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எண் உங்களுக்குப் பெயர் வைக்க விடாதீர்கள். உங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்களிடம் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.